ஓரகடத்தில் ஒரு சாண் தூரம்

இரண்டு வருடங்களுக்கு முன் பள்ளிக்கூடப் படிக்கட்டில் வழுக்கி விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டேன். ஆறு வாரம் கட்டிலோடு கிடந்தேன். சீரியல் பார்க்க எனக்குப் பொறுமை கிடையாது. கிரிக்கெட் பார்க்கலாம் என்றால் என் கணவரின் வர்ணனையையும் சேர்த்துத் தாங்க வேண்டும். சானல்களை மாற்றிக்கொண்டே போன ஒரு காலை நேரத்தில் பெரிய பச்சை மைதானமும் அதில் தொப்பி போட்ட ஒரு பெண்ணும் வந்தார்கள். அந்தப் பெண் பந்துக்கு முன்னால் நின்று யோசித்தார், யோசித்தார், யோசித்துக்கொண்டே இருந்தார். இருபத்தாறு வருடமாகக் கணக்கு டீச்சராக இருப்பவளுக்கு, ஒருத்தர் அவசரப்படாமல் யோசித்து ஒரு காரியத்தைச் செய்வதைப் பார்ப்பதே பெரிய சுகம். பெண்கள் கோல்ஃப் பைத்தியம் எனக்கு அப்படித்தான் பிடித்தது.

விதிகளெல்லாம் கட்டிலில் படுத்தபடியே கற்றவை. ஆட்டத்தைவிட எனக்கு அதிகம் பிடித்தது பெயர்ப்பட்டியல்தான். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் ஒரு சின்னக் கொடி இருக்கும். பழைய போட்டிகளை மறுபடி போடும்போது மேலிருந்து கீழ்வரை ஒரே நாட்டுக் கொடிதான் வரிசையாகத் தெரியும். இப்போது கொரியா, ஜப்பான், தாய்லாந்து, சீனா, சுவீடன் என்று கலந்து கட்டி வருகிறது. எந்தக் கொடி எந்த நாடு என்று தெரியாமல் என் பையனின் பழைய அட்லஸைத் தூசி தட்டி எடுத்தேன். எப்போதாவது நம் கொடியும் வரும். நடுப்பட்டியலில் வந்தாலும் சரி, தலையணையை முதுகுக்குக் கொடுத்து நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவேன்.

என் பைத்தியம் தெரிந்த பழைய மாணவி ஒருத்தி ஓரகடத்தில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் மனிதவளப் பிரிவில் இருக்கிறாள். ஜனவரியில் அவள் ஓர் அறிவிப்பைப் படம் பிடித்து அனுப்பினாள். ஓரகடம் பக்கம் ஓர் ஒன்பது குழி மைதானம். பெண்களுக்கு ஒருநாள் போட்டி. நான்கு நாடுகளைச் சேர்ந்த பன்னிரண்டு பேர். இதுவரை தொழில்முறை ஆட்டக்காரர் ஆகாதவர்களில் யார் முதலில் வருகிறாரோ, அவரைத் தாய்லாந்தில் நடக்கும் தகுதிப் போட்டிக்கு அனுப்பிவைப்பார்கள். விமானம், தங்குமிடம், நுழைவுக் கட்டணம் எல்லாம் அங்கே இருக்கும் சில கம்பெனிகளின் பொறுப்பு. தகுதிப் போட்டி என்றால் பல நாள் ஆடும் ஒரு நுழைவுத் தேர்வு. எந்த நாட்டுப் பெண்ணும் எழுதலாம், தேறுகிற சிலர் மட்டும் அந்த வருடம் தொழில்முறைப் போட்டிகளில் ஆடலாம்.

ஓரகடத்திலா! தாம்பரத்தில் குடியிருந்துகொண்டு இதற்குப் போகாமல் இருந்தால் எனக்கு நானே மன்னிப்புத் தர மாட்டேன். பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பிவிட்டேன்.

காலை 6.10க்குத் தாம்பரம் மேற்கில் ஸ்ரீபெரும்புதூர் பேருந்து. இளஞ்சிவப்பு முகப்பு வண்டி, ஆகவே பெண்களுக்கு டிக்கெட் இல்லை. படப்பை வரை 35 நிமிடம். அதற்குப் பிறகு சாலையின் இரண்டு பக்கமும் கம்பெனிச் சுவர்கள்தான். நடுநடுவே ஓர் ஏரி, ஒரு கல்யாண மண்டபம், 'பெண்கள் தங்கும் விடுதி, மூன்று வேளை சாப்பாடு' என்று பத்தடிக்கு ஒரு பலகை. ஞாயிறு என்றாலும் ஷிப்ட் பேருந்துகள் ஓய்வதில்லை. ஜன்னலோரம் அத்தனை பேரும் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டு போகிறார்கள்.

7.05க்கு ஓரகடம் சந்திப்பில் இறங்கினேன். மொத்தம் 24 கி.மீ. மேம்பாலத்துக்குக் கீழே ஒரு மெஸ்ஸில் பொங்கல் 50 ரூபாய், காபி 20. பொங்கலில் மிளகை முழுசாகப் போட்டிருந்தார்கள், அதற்காகவே இன்னொரு முறை போகலாம். கடைப்பலகையில் தமிழுக்குக் கீழே இந்தி, இந்திக்குக் கீழே கொரிய எழுத்து. சாப்பிட்டுவிட்டு வெளியே வந்து ஓர் ஆட்டோக்காரரிடம் வழி கேட்டபோதுதான் என் புத்திசாலித்தனம் தெரிந்தது.

“இன்னாக்கா, தாண்டி வந்துட்டியே! அந்தப் பந்தடிக்கிற எடம் பின்னால கீது. சேரப்பணஞ்சேரி ஸ்டாப்புலயே எறங்கிகினு ஏரிப் பக்கம் நட்ந்திருந்தா பத்து நிமிசம்” என்றார். பெயர் தேவராஜ். நூறு ரூபாய் கேட்டார், பேரம் பேசாமல் ஏறினேன். வந்த வழியே 3.5 கி.மீ. திரும்பிப் போய், ஏரிக்கரை மண்பாதையில் இன்னும் 900 மீட்டர்.

“எங்க வூட்டுக்காரி அங்கதான் புல்லு வெட்டுறா. ஒரு குழி, அதுல ஒரு பந்து. அத்தப் போட இவ்ளோ எடம், இவ்ளோ ஆளுங்க. கேட்டா டென்சன் கொறையுதாம். என் வண்டிய ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல எஃப்.சி.க்குக் காட்டிட்டு வரச் சொல்லு, டென்சன் எப்டிக் கொறையுதுன்னு பாப்பம்” என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வண்டியை விட்டு இறங்கும்போது அவரே, “அங்க ஒரு பொண்ணு கீது, இசக்கின்னு. தெக்கத்திப் பொண்ணு. பந்து பொறுக்க வந்தது, இப்ப கொரியாக்காரனையே தோக்கடிக்குது. அத்தப் பாத்துட்டு வா” என்றார்.

மைதானத்தின் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள், எழுதவில்லை. ஏரியை ஒட்டி நீளவாக்கில் கிடக்கிற நிலம். மூன்றாம் குழிக்குப் போகும் புல்வெளியின் நடுவில் உயரழுத்த மின்கோபுரம் ஒன்று நிற்கிறது, பந்து அதில் பட்டால் மறுபடி அடிக்கலாம் என்பது உள்ளூர் விதி. சுவருக்கு அந்தப் பக்கம் இரும்புத் தகட்டை அழுத்தி வளைக்கும் ஏதோ பிரஸ் ஷாப், நிமிடத்துக்கு ஒருமுறை தரை அதிர்கிறது. கொக்குகள் அதற்கெல்லாம் பழகிவிட்டன.

நிர்வாகி சம்பத் சேரப்பணஞ்சேரிக்காரர், நாற்பது வயது இருக்கும். வேடிக்கை பார்க்க வந்தேன் என்றதும் என்னை மேலும் கீழும் பார்த்தார். “மேடம், ஒரு ஹெல்ப்பு. கார்டு எழுத ஒத்துக்கினு இருந்த பொண்ணு ஓ.டி. போட்டுட்டாங்கன்னு வரல. உங்களுக்கு ரூலெல்லாம் தெரியுமா?” என்று கேட்டார். தெரியும் என்று சொன்னேன். எவ்வளவு பெருமையாகச் சொன்னேன் என்பதை இப்போது நினைத்தால் கூசுகிறது. மூன்று பேர் கொண்ட ஒரு குழுவோடு நடந்துபோய், ஒவ்வொருவரும் ஒவ்வொரு குழியிலும் எத்தனை அடியில் பந்தைப் போட்டார்கள் என்று அட்டையில் எழுத வேண்டும். மொத்தத்தில் அடி குறைந்தவருக்கே வெற்றி. கடைசியில் கையெழுத்துப் போட வேண்டும். நான் என் கண்ணால் பார்த்தேன், சரியாக இருக்கிறது என்று அந்தக் கையெழுத்துக்கு அர்த்தம்.

என் குழுவில் இருந்த மூவரில் ஒருத்தி இசக்கியேதான். இருபத்து மூன்று வயது, ஒல்லி, கருத்த கை, இடது கையில் மட்டும் உறை போட்டுப் போட்டு வெளுத்த விரல்கள். திருச்செந்தூர் பக்கம் ஊர். பத்தொன்பது வயதில் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு செல்போன் கம்பெனி லைனுக்கு வந்து, அறைக்கு ஆறு பேர் என்று விடுதியில் இருந்தவள். இரண்டு வருடம் இன்ஸ்பெக்ஷன் வேலை. ஒப்பந்தம் முடிந்ததும் இங்கே பந்து பொறுக்க வந்தாள். யாரோ விட்டுப்போன பழைய மட்டைகளை வைத்து, மைதானம் திறக்கும் முன் விடியற்காலையில் அடித்துப் பழகியிருக்கிறாள்.

ஆட்டம் தொடங்க நேரம் இருந்ததால், கொட்டகைக்குள் இருக்கும் திரை கோல்ஃப் அறையை அவளே எனக்குக் காட்டினாள். எதிரே பெரிய திரையில் மைதானம் தெரியும், இங்கிருந்து நிஜப் பந்தை அடித்தால் அங்கே படத்தில் உருளும். மணிக்கு 800 ரூபாய், காலை பத்துக்கு முன் 500. பணம் வேண்டாம் என்று சொல்லி என்னை ஒரு குழி ஆடவிட்டாள். நான் பதினோராவது அடியில் ஒருவழியாகக் குழிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தியதும் இயந்திரம் “ஓகே” என்றது, ஆட்டம் முடிந்துவிட்டது.

“பக்கத்துல போயிட்டா அதுவே உள்ள விழுந்ததா வச்சு ஒரு அடியக் கூடச் சேத்துக்கிடும்க்கா. கொரியா சார்மாரும் வெளிய ஆடுறப்போ அப்படித்தான். கூட ஆடுறவுக ‘ஓகே’ன்னு சொன்னா, நான் பந்தக் குனிஞ்சு எடுத்து, தொடச்சு, கையில குடுத்துருவேன். ஒவ்வொருத்தரும் போட்டுத்தான் முடிக்கணும்னா பொழுது சாஞ்சிரும்லா” என்றாள்.

தாய்லாந்து போனால் தேறிவிடுவாயா என்று டீச்சர் புத்தியோடு கேட்டேன். அவளுக்குக் கோபம் வரவில்லை. “தேறுவனா மாட்டனாங்கது அப்புறம்க்கா. பாஸ்போர்ட் வாங்கி எட்டு மாசமாச்சு. நான் எவ்வளவு பின்னால நிக்கேன்னாவது தெரியணும்லா? இங்கன யாரோட ஆடி அதத் தெரிஞ்சுக்கிட?” என்றாள்.

எத்தனையோ வர்ணனையாளர்கள் சொல்லிக் கேட்டதைவிட எனக்கு அந்த ஒரு கேள்வியில் விஷயம் புரிந்தது. ஒரு நாட்டிலிருந்து ஒருத்தி போய் ஆடிவிட்டு வந்தால், தூரம் எவ்வளவு என்பது அந்த ஊருக்கே தெரிந்துவிடுகிறது. தெரிந்துவிட்டால் அடுத்தவள் அதை நடந்து கடக்கலாம். தெரியாதவரை, எதிர்வீட்டுக்காரியைத் தோற்கடித்துவிட்டு உலகத்தையே ஜெயித்ததாக நினைத்துக்கொண்டிருக்கலாம்.

குழுவில் மற்ற இருவர் மின்ஜியும் பிம்மும். மின்ஜி கொரியாக்காரர், முப்பது வயதைத் தாண்டியவர், தன் நாட்டில் இரண்டாம் நிலைத் தொழில்முறைப் போட்டிகளில் ஆடியவர். கணவர் இங்கே பொறியாளர் என்பதால் இரண்டு வருடமாக ஸ்ரீபெரும்புதூர் வாசம். பிம் தாய்லாந்துக்காரர், ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதகர், அதிகம் பேசமாட்டார். மின்ஜி ஏற்கெனவே தொழில்முறை ஆட்டக்காரர் என்பதால் அந்தத் தாய்லாந்து வாய்ப்பு அவருக்குக் கிடையாது. பிம்முக்கும் இசக்கிக்கும் உண்டு.

8.30க்குத் தொடங்கியது. ஒன்பது குழிகளை இரண்டு சுற்று, ஆக மொத்தம் பதினெட்டு. நடக்கும்போது மின்ஜி தன் கதையைச் சொன்னார், பாதி ஆங்கிலத்தில், பாதி கையால், நடுவில் “அய்யோ” என்ற நம் சொல்லைத் தாராளமாகப் போட்டு. அவர் ஊரில் முதல்நிலைப் போட்டிக்குப் போகும் தேர்வில் மூன்று தடவை நூலிழையில் தவறவிட்டாராம். சொந்த ஊரில் தேறுவதே கடினம் என்று கூட ஆடிய பெண்கள் ஜப்பானுக்கும் தைவானுக்கும் தாய்லாந்துக்கும் பிரிந்து போனார்களாம். அவர்கள் போன இடமெல்லாம் அந்தந்த ஊர்ப் பெண்கள் இவர்களைப் பார்த்துப் பழகி, இப்போது இவர்களையே தோற்கடிக்கிறார்களாம். “நல்லது” என்று சிரித்தார். பிறகு கொஞ்ச தூரம் போய், “ஆனால் வலிக்கும்” என்றார்.

முதல் சுற்று முடிவில் மின்ஜி நன்றாக முன்னால் இருந்தார். இசக்கியும் பிம்மும் ஒரே எண்ணிக்கை. இசக்கியின் அடியில் அலங்காரம் கிடையாது, மட்டையை ஓங்குவதே தெரியாது, பந்து போன பிறகுதான் அடித்தாள் என்று தெரியும். வேலிக்கு வெளியே தேவராஜின் மனைவி இன்னும் மூன்று பெண்களோடு நின்றுகொண்டு ஒவ்வொரு அடிக்கும் கைதட்டினார். எது நல்ல அடி என்று பார்ப்பதில்லை, இசக்கி அடித்தால் தட்டுவது. நானும் மனசுக்குள் அதையேதான் செய்துகொண்டிருந்தேன். அட்டை எழுதுகிறவள் அப்படி இருக்கக் கூடாது.

பதினான்காவது குழி. இசக்கி மூன்றாவது அடியில் பந்தைக் குழிக்கு வெகு அருகே கொண்டுவந்துவிட்டாள். ஒரு சாண் தூரம் இருக்கும், என் சாண். பிம் இன்னும் தள்ளி நின்று தன் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மின்ஜி இசக்கியின் பந்தைப் பார்த்துச் சந்தோஷத்தில், “ஓகே, ஓகே!” என்றார். இரண்டு வருடமாகக் கணவரின் அலுவலக நண்பர்களோடும் அந்தத் திரையோடும் மட்டுமே ஆடுகிறவர், வாய் தானாகச் சொல்லிவிட்டது. இசக்கியின் இடுப்பும் தானாகக் குனிந்தது. பந்தை எடுத்தாள். கால்சட்டையில் துடைத்தாள். பைக்குள் போட்டுக்கொண்டாள்.

நான் அட்டையில் 4 என்று எழுதினேன். எழுதிய பிறகுதான் விதி நினைவுக்கு வந்தது. நண்பர்களோடு ஆடும்போது விட்டுக்கொடுக்கலாம், இப்படி அடிகளை எண்ணி ஆடும் போட்டியில் விட்டுக்கொடுப்பது என்பதே கிடையாது. பந்து குழிக்குள் விழுந்தே ஆக வேண்டும். எடுத்துவிட்டால்கூடப் பரவாயில்லை, ஓர் அடி தண்டம், எடுத்த இடத்திலேயே வைத்துப் போட்டுவிடலாம். ஆனால் அடுத்த குழிக்குப் போய் ஓர் அடி அடித்துவிட்டால் அவ்வளவுதான், போட்டியிலிருந்தே நீக்கம். இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். கட்டிலில் படுத்துக்கொண்டு டிவியிலிருக்கும் நடுவரைத் திருத்தியவள் நான்.

அங்கிருந்து பதினைந்தாவது குழியின் தொடக்க இடம் எண்பது அடி தூரம் இருக்கும். அந்த எண்பது அடியும் நான் அவள் பின்னால் நடந்தேன். அழைத்தால் திரும்பியிருப்பாள். ஒருவேளை இங்கே இதுதான் வழக்கமோ என்று ஒரு யோசனை. வந்த இடத்தில் நாட்டாமை செய்யவா என்று ஒரு யோசனை. ஒரு சாண்தானே, கண்ணை மூடிக்கொண்டு தட்டினாலும் விழும் என்று ஒரு யோசனை. எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது ஒன்றுதான். அவள் ஜெயிக்க வேண்டும், நான் வாயைத் திறந்து கெடுக்க வேண்டாம். அவளுக்கு நல்லது செய்கிறேன் என்று மனசார நம்பினேன். அவள் மட்டையை எடுத்தாள், அடித்தாள். வேலிக்கு வெளியே கைதட்டல் கேட்டது.

மிச்ச குழிகளைப் பற்றி எழுத எனக்குச் சரியாக நினைவில்லை. கடைசிக் குழியில் இசக்கி பத்தடி தூரத்திலிருந்து உருட்டிப் போட்டதும், பிம்மே தோளைத் தட்டிக்கொடுத்ததும் மட்டும் நினைவிருக்கிறது. மின்ஜி 74, இசக்கி 78, பிம் 80. மற்ற குழுக்களில் 81க்குக் கீழே யாரும் இல்லை. மணி ஒன்றரை. புல்வெட்டும் பெண்கள் கொட்டகைக்கே வந்துவிட்டார்கள்.

கொட்டகை மேசையில் உட்கார்ந்து அட்டையைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். இசக்கி விரலை வைத்து ஒவ்வொரு குழியாக வந்தாள். பதினான்கில் விரல் நின்றது.

“அக்கா, இதுல நான் கடைசி அடிய அடிச்சனா?”

நான், “ஒரு சாண்தானே இருந்தது” என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். “நான் தூரம் கேக்கலயே” என்றாள். பிறகு மெதுவாக, “அப்ப நீங்க பாத்திருக்கிய” என்றாள்.

தேர்வு அறையில் துண்டுச்சீட்டு வைத்திருக்கும் பிள்ளைகள் எப்படித் தலையைக் குனிவார்கள் என்று எனக்குத் தெரியும், இருபத்தாறு வருடமாகப் பார்க்கிறேன். அப்படித்தான் குனிந்தேன்.

“பாத்ததும் சொல்லியிருக்கலாம்லா? அங்கனயே சொல்லியிருந்தியன்னா பந்தத் திரும்ப வச்சுப் போட்டிருப்பேன். ஒரு அடிதான் கூடியிருக்கும். எழுபத்தொம்பது. அப்பவும் நான்தானக்கா முதல்ல?” விரல் இன்னும் பதினான்கிலேயே இருந்தது. “லைன்ல ரிஜெக்ட் பீஸு கண்ணுல பட்டா அங்கனயே பெல் அடிச்சு நிறுத்தணும். ஐயோ பாவம், போகட்டும்னு விட்டா அடுத்த ஸ்டேஷன்ல எல்லாத்தையும் சேத்துப் பூட்டிருவாவ. பெறகு முழு பீஸும் குப்பைக்குத்தான். ரெண்டு வருசம் அந்த வேலதான் பாத்தேன். நானே பெல் அடிக்கலயே” என்றாள்.

சம்பத் வந்தார். விஷயம் தெரிந்ததும் முகம் மாறியது, ஆனாலும் குனிந்து ரகசியமாக, “இன்னாமா நீ, கையெழுத்துப் போட்டா முட்ஞ்சிது. ஒரு சாணுக்குப் போயி... யாரு பாத்தா?” என்றார்.

“இந்த அக்கா பாத்திருக்காவ” என்றாள் இசக்கி.

அவ்வளவுதான். சம்பத் அட்டையை வாங்கி அவள் பெயரைக் கோடு போட்டு அடித்தார். மின்ஜி விஷயம் புரிந்து நெற்றியில் அடித்துக்கொண்டார். தப்பு என்னுடையது, என்னை நீக்குங்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். விதிப் புத்தகத்தில் அதற்கு இடமில்லை. வாய் சொன்னதற்குத் தண்டனை கிடையாது, கை எடுத்ததற்குத்தான். மூன்று முறை நூலிழையில் தவறியவருக்கு, இன்னொருத்தியின் நூலைத் தானே அறுத்துவிட்டோம் என்று தெரிந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவர் அழுதார். நான் அழக்கூட இல்லை, எனக்கு அந்த உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

பிம்மின் பெயரை வாசித்தார்கள். அவர் வேண்டாம் என்று சொல்வார் என்று நான் ஒரு நொடி எதிர்பார்த்தேன். ஏன் சொல்ல வேண்டும்? அவரும் காலை எட்டரையிலிருந்து வெயிலில் நடந்தவர், பதினெட்டு குழியிலும் பந்தை உள்ளே போட்டே முடித்தவர். கைகூப்பி வணங்கி வாங்கிக்கொண்டார். இசக்கி கைதட்டினாள். மூன்று மணிக்குப் பொதுமக்களுக்குத் திறக்க வேண்டும் என்று வாளியை எடுத்துக்கொண்டு பந்து பொறுக்கப் போய்விட்டாள். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

2.20க்குச் சேரப்பணஞ்சேரி நிறுத்தத்துக்கு நடந்தேன், 12 நிமிடம். 2.50க்கு வண்டி. ஜன்னலோரம் உட்கார்ந்து அந்தப் பெயர்ப்பட்டியலையும் கொடிகளையும் நினைத்துக்கொண்டு வந்தேன். இத்தனை நாட்டுப் பெண்கள் ஒரே பட்டியலில் நிற்க முடிகிறது என்றால், எல்லோருக்கும் குழி ஒன்று, விதி ஒன்று என்பதால்தான். நம் பெண் ஏழை, நம் பெண் பாவம், நம் பெண்ணுக்கு ஒரு சாண் விட்டுக்கொடுப்போம் என்று நாம் இங்கே செய்கிற கருணைக்கு அங்கே செலாவணி இல்லை. வாத்தியார் வேலையில் நான் எத்தனை பிள்ளைகளுக்கு அரை மதிப்பெண் கூட்டிப் போட்டிருக்கிறேன், அது எந்த ஊரில் போய் எதை உடைத்ததோ, தெரியாது. அதை நினைக்க வெட்கமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். ஓரகடம் வரை போகாதீர்கள், சேரப்பணஞ்சேரியிலேயே இறங்குங்கள். மறைமலை நகர் பக்கமிருந்து வருகிறவர்கள் சிங்கப்பெருமாள்கோவில் வழியாக ஓரகடம் வந்து ஷேர் ஆட்டோ பிடிக்கலாம், தலைக்கு 20 ரூபாய். வேடிக்கை பார்க்கக் கட்டணம் இல்லை. அடித்துப் பார்க்க ஆசையிருந்தால் நூறு பந்து 300 ரூபாய், மட்டை அவர்களே தருவார்கள். தட்டையான காலணி கட்டாயம். தொப்பியும் தண்ணீரும் இல்லாமல் போகாதீர்கள், நிழல் என்று இருப்பது அந்த மின்கோபுரத்தின் நிழல் மட்டும்தான். சாப்பாட்டுக்கு வெளியே ஓரகடம் சாலைக்குத்தான் வர வேண்டும். கழிப்பறை சுத்தமாக இருக்கிறது. மொத்தச் செலவு எனக்கு 170 ரூபாய். யாராவது அட்டை எழுத வருகிறீர்களா என்று கேட்டால், விதி தெரியுமா என்பதோடு, சொல்லத் தைரியம் இருக்கிறதா என்பதையும் உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

இதை எழுதலாமா என்று கேட்க மூன்று வாரம் கழித்துச் சம்பத்திடம் எண் வாங்கி இசக்கியைக் கூப்பிட்டேன். மன்னிப்பும் கேட்டேன். மறுமுனையில் பந்துகள் வாளியில் விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

“எழுதுங்க. ஆனா நான் எடுத்தேன்னு எழுதுற எடத்துல நீங்க பாத்தியன்னும் எழுதணும்” என்றாள். எழுதிவிட்டேன்.

நவம்பரில் இன்னொரு போட்டி வைக்கப்போகிறார்களாம். அதற்குள் பிம் தாய்லாந்தில் ஆடிவிட்டு வந்து எவ்வளவு தூரம் என்று சொல்வதாகச் சொல்லியிருக்கிறாராம். நான் தயங்கித் தயங்கி, பார்க்க வரலாமா என்று கேட்டேன். வாளிச் சத்தம் நின்றது.

“வாங்கக்கா. ஆனா எதாவது கண்ணுல பட்டா, நான் அடுத்த அடி அடிக்க முன்னாடி சத்தம் போட்டுச் சொல்லிரணும்.”